காசைத் துளைக்குமுன்

தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டை, சேலையூர், பெருங்களத்தூர் முதலிய இடங்களில் பழங்காசுகளைக் கொண்டு மோதிரம் செய்து பழகிவரும் இளைஞர்களுக்கு,

அன்பர்களே,

உங்கள் கைத்தொழிலைக் குறைகூறும் நோக்கத்தோடு இம்மடலை எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட விரும்புகிறேன். தட்டையான ஓர் உலோக வட்டத்தின் நடுவே துளையிட்டு, அதைத் தீயில் பழுக்கக் காய்ச்சி ஆற்றி, கூம்பு வடிவான எஃகுத் தண்டில் ஏற்றி, நைலான் சுத்தியலால் சுற்றிச் சுற்றி மெல்லத் தட்டி, விளிம்பை ஒட்டிய எழுத்துகள் சிதையாதபடி வளையமாக மடித்து எடுப்பது சாமானியமான காரியமன்று. கல்லூரியோ தொழிற்சாலையோ அலுவலகமோ முடிந்து, மின்சார ரயிலின் நெரிசலில் நின்றபடியே வீடு திரும்பி, அதற்கு மேலும் மொட்டைமாடியின் மூலையில் ஒரு விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு இந்த வேலையில் அமர்பவனிடம் இருக்கும் சிரத்தை மரியாதைக்குரியது. அந்தச் சிரத்தை உங்களிடம் உண்டு என்ற நம்பிக்கை இருப்பதனாலேயே, மனத்தில் நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தை உங்களிடமே நேராகச் சொல்லத் துணிந்தேன்.

மோதிரத்துக்கு வேண்டியது ஓர் உலோக வட்டம். நீங்கள் கையில் எடுப்பதோ, பல சமயங்களில், யாரும் இன்னும் படித்துப் பாராத ஓர் ஆவணம். உங்கள் துளைக்கருவி முதலில் விழும் இடம் காசின் நடுப்பகுதி. அங்கேதான் அரசனின் தலையும், மறுபுறத்தில் மதிப்பும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. விளிம்பின் எழுத்துகளைக் காப்பாற்றுவதற்கு நீங்கள் எடுத்துக்கொள்ளும் பிரயாசையில் நூறில் ஒரு பங்கையேனும் அந்த நடுப்பகுதி எதைச் சொல்லுகிறது என்று பார்ப்பதற்குச் செலவிட்டீர்களா என்று நான் கேட்டால், உங்களில் எத்தனை பேர் ஆம் என்பீர்கள்?

வெள்ளிக்கிழமைதோறும் பல்லாவரத்தில் கூடுகிற சந்தையில், பழைய மின்விசிறிகளுக்கும் மரச்சாமான்களுக்கும் நடுவே துணி விரித்துக் காசு விற்பவர்களிடம் நீங்கள் பேரம் பேசுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். கனம் பார்க்கிறீர்கள், கீழே போட்டு ஓசை கேட்கிறீர்கள், எந்த விரலுக்கு எந்த அகலம் பொருந்தும் என்று கணக்கிடுகிறீர்கள். ஆண்டைப் பார்ப்பவர்கள் மிகச் சிலர். ஐந்தாம் ஜார்ஜ் மன்னனின் தலை பொறித்த ரூபாய்களில் 1911-ஆம் ஆண்டுக்குரியவை வேறு, 1912 முதல் வந்தவை வேறு. முதலில் அச்சிட்டவற்றில் மன்னன் மார்பில் கிடக்கும் விருதுச் சங்கிலியிலுள்ள யானை, துதிக்கை குட்டையாகப் போனதால் பன்றியைப் போலத் தோன்றிவிட்டதென்று ஜனங்களிடையே அதிருப்தி எழுந்தது. அதனால் வெளியிடாமல் இருந்தவற்றைச் சர்க்கார் உருக்கிவிட்டு அடுத்த ஆண்டு அச்சைத் திருத்தியது. அந்த 1911-ஆம் ஆண்டு ரூபாயும் எடையில் ஒரு தோலா, அதாவது 11.66 கிராம், அகலத்தில் ஏறத்தாழ 30 மில்லிமீட்டர். உங்கள் தண்டுக்கு அதுவும் ஒன்றுதான், அடுத்த ஆண்டுக் காசும் ஒன்றுதான். ஆனால் ஓர் அரசாங்கம் தன் பிரஜைகளின் மனவருத்தத்துக்குச் செவிசாய்த்து நாணயத்தையே மாற்றியது என்பதற்குச் சாட்சியாக நிற்பது அந்த ஒரு வில்லைதான்.

இன்னோர் உதாரணம். ஆறாம் ஜார்ஜின் ரூபாய்களில் 1939-ஆம் ஆண்டு பொறித்தது நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி, கிடைப்பது அரிது, சேகரிப்பவர்கள் தேடி அலைவது. யுத்தம் மூண்ட பிறகு 1940-இல் வந்தது பாதி வெள்ளி. மிச்சம் செம்பு, நிக்கல், துத்தநாகம். கையில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான். முதலாவதை அறியாமல் துளைத்தால் திரும்பக் கிடைக்காத ஒரு பொருள் போயிற்று. இரண்டாவதை வளைக்க முயன்றால், அந்தக் கலவை உலோகம் வளைவதற்கு முன்பே விளிம்பில் வெடிப்பு விடக்கூடும். எப்படியோ வளைத்து அணிந்தாலும் நம் ஊர் வியர்வையில் விரலைச் சுற்றிப் பச்சை படியும். நிக்கல் ஒவ்வாதவர்களுக்கு அரிப்பும் தரும். ஆண்டைப் படிக்காதவனுக்கு இரண்டிலும் நஷ்டமே.

"நம் முன்னோர்களும் காசுகளை அணியவில்லையா?" என்று நீங்கள் கேட்பீர்கள். அணிந்தார்கள், எத்தனையோ வகையில் அணிந்தார்கள். காசுமாலை நம் பெண்களின் கழுத்தில் இன்றும் இருக்கிறது. தென்னாட்டு மண்ணில் கிடைத்த ரோமப் பொற்காசுகள் சிலவற்றில் விளிம்போரமாகத் துளையிட்டு நூல் கோத்து அணிந்த அடையாளம் இருக்கிறது. 1898-இல் புதுக்கோட்டைச் சீமையில் அகப்பட்ட 501 ரோமப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றின் மேல், சக்கரவர்த்தியின் முகத்துக்குக் குறுக்கே ஒரு வெட்டு விழுந்திருக்கிறது. அது ஏன் விழுந்தது என்பது பற்றி அறிஞர்களிடையே அபிப்பிராய பேதம் உண்டு. ஆயினும் வெட்டியவன் ஒரு கோட்டோடு நிறுத்தினான். துளைத்தவன் விளிம்போடு நிறுத்தினான். அதனால்தான் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்தும் அது எந்தச் சக்கரவர்த்தியின் காசு, எந்தக் காலத்தில் நம் கரைக்கு வந்தது என்று படிக்க முடிகிறது. முன்னோர் காசை அணிந்தபோது காசு காசாகவே இருந்தது. நீங்கள் செய்யும் மோதிரத்தில் நடுப்பகுதி தூளாகக் குப்பைக்குப் போகிறது. மிஞ்சுகிற விளிம்பிலும் பாதி எழுத்து உட்புறமாகத் திரும்பி விரலோடு உராய்ந்து தேய்கிறது.

நம் பெற்றோர் காலத்தில் நடந்த ஒன்றையும் நினைவுபடுத்துகிறேன். 1968 முதல் சில ஆண்டுகள் வெளியான தாமரைப்பூ பொறித்த இருபது பைசா நாணயம் மஞ்சள் நிறத்தில் மின்னியது. அதில் பொன் கலந்திருக்கிறதென்று ஊரெங்கும் ஒரு பேச்சு பரவி, அதைப் பதுக்கி வைத்தவர்களும், பட்டறையில் கொடுத்துக் கடைந்து மோதிரமாக்கி அணிந்தவர்களும் உண்டு. செம்பை அடிப்படையாகக் கொண்ட கலவை உலோகமே அது. பொன் அதில் ஒரு குன்றிமணியளவும் இல்லை. ஆனாலும் அந்த மோதிரங்களின்மேல் எனக்கு வருத்தமில்லை. லட்சக்கணக்கில் அச்சான நாணயத்தில் ஒன்றிரண்டு போனால் சரித்திரம் குறைந்துவிடாது. ஒருவன் பொன் வாங்க வழியில்லாத காலத்தில், தன் மனைவியின் விரலில் ஒரு மஞ்சள் மினுக்கத்தைப் பார்க்க ஆசைப்பட்டான் என்பதில் ஒரு கனிவுகூட இருக்கிறது. என் ஆட்சேபம் மோதிரத்தின் மேல் அன்று. படிக்காமல் அழிப்பதன் மேல்தான்.

உங்களில் சிலர் என்னிடம் சொன்ன ஒரு காரணத்தை நான் இலேசாக ஒதுக்கிவிட மாட்டேன். "தாத்தா பிறந்த வருஷத்துக் காசு இது, அவர் போய்விட்டார், அந்த வருஷத்தை விரலில் சுமக்க ஆசைப்படுகிறேன்" என்பது அந்தக் காரணம். இதைவிட நியாயமான ஆசை எது? ஆனால் அந்த ஆசைக்குக் காசைத் துளைக்க வேண்டிய அவசியமே இல்லை. வெள்ளியில் ஒரு வளையம் செய்து, அதன் தலைப்பில் கிண்ணம் போன்ற ஒரு கூடு அமைத்து, கால் ரூபாய் அல்லது இரண்டணா போன்ற சிறு காசை முழுசாக அதில் உட்கார வைத்து விளிம்பை மடித்துப் பிடித்துவிட்டால், காசில் ஒரு கீறலும் விழாது. வேண்டும்போது கழற்றியும் விடலாம். பற்றவைத்தால் மட்டும் தழும்பு நிலைத்துவிடும். ஆகையால் பற்றுப்பொடி வைத்து ஊத விடாதீர்கள். தாத்தாவின் ஆண்டு அரைகுறையாக வளைந்து கிடப்பதைவிட முழுமையாக நிமிர்ந்து இருப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை என்பது என் எண்ணம்.

இனி அளவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏனெனில் நல்ல காசுகள் பாழாவதற்கு ஆசையைக் காட்டிலும் அளவுப் பிழையே பெரிய காரணம் என்று காண்கிறேன். நீங்கள் தருவிக்கும் தண்டுகளிலும் அளவு வளையங்களிலும் பெரும்பாலும் அமெரிக்க எண்கள் இருக்கின்றன. நம் கடைத்தெரு பேசுவது வேறு எண்கள். நம் ஊரில் 12 என்றால் மோதிரத்தின் உள்விட்டம் ஏறத்தாழ 16.5 மில்லிமீட்டர், 14 என்றால் 17.2. அமெரிக்க அளவில் 7 என்று கண்டிருப்பது நம்முடைய 14-க்கு அருகில் வரும். நம் அளவில் ஓர் எண் ஏறினால் சுற்றளவு ஒரு மில்லிமீட்டர்தான் கூடுகிறது. இதை அறியாமல், தோழனிடம் எண்ணைக் கேட்டுக்கொண்டு வந்து வேறு முறைத் தண்டில் அடித்து முடித்த பிறகு, மோதிரம் கணுவைத் தாண்டவில்லையென்றோ விரலில் நிற்கவில்லையென்றோ கண்டு, அதை மறுபடி நீட்டப் போய் விளிம்பைப் பிளந்துவிடுகிறீர்கள். காசு மோதிரம் அகலமானது. மெல்லிய கம்பி மோதிரத்தின் அளவைவிட ஓர் எண்ணாவது கூட வைத்தால்தான் விரல் மடங்கும். சித்திரை வெயிலில் பகல் இரண்டு மணிக்கு அளந்த விரலும் மார்கழி விடியலில் அளந்த விரலும் ஒன்றல்ல. நீட்டும் கருவி தாராளமாக நீட்டும். குறைக்கும் அச்சு அவ்வளவு எளிதில் குறைத்துத் தராது. ஒவ்வொரு சுற்றுத் தட்டலுக்குப் பின்னும் உலோகம் இறுகிப்போகிறது. மறுபடி காய்ச்சாமல் தொடர்ந்தால் வெடிப்பு நிச்சயம்.

இவை யாவும் எனக்குப் புத்தகத்திலிருந்து கிடைத்தவை அல்ல. நம் புறநகரக் கடைத்தெருச் சந்துகளில், ஒரு மேசையும் ஊதுகுழலும் சாமணமும் அரமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பத்தர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவை. பெரிய நகைமாளிகைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்த பிறகு அவர்களுக்குப் புதுநகை வேலை அருகிப் போயிற்று. அறுந்த சங்கிலியைப் பற்றவைப்பதும், கல்யாணத்துக்குப் பின் பெருத்துவிட்ட விரலுக்கு மோதிரத்தை வெட்டி ஒட்டுவதுமே மிச்சம். விரலைத் தொட்டுப் பார்த்தே அளவு சொல்லும் ஒரு மனிதர் உங்கள் தெருமுனையில் வேலையின்றி அமர்ந்திருக்க, நீங்கள் மாடியில் தனியே அமர்ந்து விக்டோரியா ரூபாயில் பிழை செய்து பழகுகிறீர்கள் என்பதை நினைக்கும்போது இரண்டு பக்கத்துக்காகவும் எனக்கு மனம் வருந்துகிறது. அவரிடம் போங்கள். 24 மில்லிமீட்டர் அகலமும் ஒன்றரை மில்லிமீட்டர் கனமும் உள்ள ஒரு வெள்ளி வில்லை வெட்டித் தரச் சொல்லுங்கள்; ஏழு கிராமுக்குச் சற்று அதிகமானால் போதும். எவ்வளவு காய்ச்ச வேண்டும், எந்த நிறம் வந்ததும் தீயை எடுக்க வேண்டும், கறுத்ததைப் புளிநீரில் கொதிக்க வைத்து வெளுப்பாக்குவது எப்படி என்பதை அவர் கையைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். அந்த வில்லையின் விளிம்பைச் சுற்றி நீங்களே எழுத்துளி கொண்டு வேண்டிய பெயரையும் ஆண்டையும், மனமிருந்தால் தமிழ் எண்களிலேயே, பொறித்துக்கொள்ளலாம். மறைந்துபோன ஒரு ராஜாங்கத்தின் அரசன் பெயரை நீங்கள் விரலில் சுமப்பதைவிட உங்கள் வீட்டுப் பெயரைச் சுமப்பது எனக்கு உவப்பாக இருக்கிறது.

சட்டத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செல்லுபடியாகும் நாணயத்தை உருக்குவதும் அழிப்பதும் 2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டப்படி குற்றம். தண்டனை ஏழாண்டுச் சிறை வரை போகலாம். இருபத்தைந்து காசும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் அதே ஆண்டு ஜூன் 30 முதல் செல்லாதவையாயின. ஐம்பது காசு இன்னும் செல்லும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நூறாண்டைக் கடந்த நாணயம் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொல்பொருள் என்ற வரையறைக்குள் வருகிறது. அதை அயல்நாட்டாருக்கு அஞ்சலில் அனுப்பி விற்க உங்களுக்கு உரிமை கிடையாது. அடுக்குமாடிக்கு அஸ்திவாரம் தோண்டுகையில் மண்ணிலிருந்து கிடைத்ததென்று யாரேனும் காசுகளைக் கொண்டுவந்தால், அது கலெக்டருக்குத் தெரிவிக்கப்பட வேண்டிய புதையல். அதன்மேல் உங்கள் கருவி படவே கூடாது.

ஆனால் சட்டத்துக்கு அஞ்சி நீங்கள் நிறுத்த வேண்டும் என்பது என் விருப்பமன்று. அறிந்து நிறுத்த வேண்டும் என்பதே. பல்லாவரத்துக்கு அருகில் இருந்துகொண்டு இதைச் சொல்ல எனக்கு ஒரு விசேஷ உரிமை உண்டென்று நினைக்கிறேன். 1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் தேதி, ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற பூகர்ப்ப சாஸ்திரி இதே பல்லாவரத்துச் செம்மண் சரளையிலிருந்து ஒரு கல்லைக் குனிந்து எடுத்தார். அது ஆதிமனிதன் செதுக்கிய கைக்கோடரி. அந்தச் சரளையை அவருக்கு முன்னும் பின்னும் எத்தனையோ பேர் வாரிச் சாலைக்குப் போட்டார்கள். அவர் ஒருவர் நின்று பார்த்தார். இந்தியாவில் மனிதவாசத்தின் சரித்திரம் எண்ணிப் பார்க்க முடியாத தூரம் பின்னுக்குப் போயிற்று. அதே மண்ணில் வெள்ளிக்கிழமைதோறும் விரிக்கப்படும் துணிகளின்மேல் கிடப்பவற்றில் எது எத்தகையது என்று பாராமலே நாம் துளைக்கலாமா? 1803-ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை ராஜதானிக்காகப் பர்மிங்ஹாமில் அச்சடித்து அனுப்பிய இருபது காசுச் செம்பு நாணயமும், 1808-இல் அச்சாகி, சென்னைக்குப் புறப்பட்ட 'அட்மிரல் கார்டனர்' கப்பலோடு 1809-இல் இங்கிலாந்துக் கரையருகிலேயே மூழ்கி, நூற்றெழுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கடலடியில் கிடந்து மீண்ட அதன் தோழர்களும் நம் ஊரின் காசுகள். முன்னவை நம் பாட்டனாரின் பாட்டனார் அரிசி வாங்கிய காசுகள். அவற்றின் அகலம் மோதிரத்துக்கு மிகப் பொருத்தமாக அமைந்திருப்பது அவற்றின் துர்ப்பாக்கியமாகிவிடக் கூடாது.

துளைக்கத் தக்கவை இல்லாமலும் இல்லை. 1818 என்று ஆண்டு பொறித்து, ஒருபுறம் ராமபட்டாபிஷேகமோ அனுமாரோ காணப்படும் 'கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு' என்று அதே சந்தையில் பெரிய விலை சொல்லி விற்கிறார்களே, அத்தகைய நாணயத்தைக் கம்பெனி ஒருபோதும் வெளியிடவில்லை. அவை பிற்காலத்தில் வார்த்த வில்லைகள். பித்தளை விலைக்குக் கிடைத்தால் அவற்றில் தாராளமாகக் கை பழகுங்கள். தெய்வ உருவத்தைத் துளைக்க மனம் இடந்தராவிட்டால் விட்டுவிடுங்கள். யுத்தகாலத்தில் உலோகத்தைச் சிக்கனம் செய்வதற்காக 1943 முதல் 1947 வரை நடுவே துளையோடு வெளிவந்த ஓட்டைக் காலணா, முகம் முழுவதும் தேய்ந்து வழுவழுத்துப் போனதாகக் கிடைத்தால், அதையும் எடுத்துக்கொள்ளலாம். தலை இது, ஆண்டு இது என்று உருப்பெருக்கிக் கண்ணாடிக்கும் சொல்லாத அளவு தேய்ந்த செப்புக் காசுகள் எடைக்கணக்கில் கிடைக்கின்றன; அவற்றின் சாட்சியம் முடிந்துவிட்டது.

ஆகவே உங்களை நான் வேண்டிக்கொள்வது இவ்வளவே. வெள்ளிக்கிழமை வாங்கும் காசை அடுத்த வெள்ளிக்கிழமை வரையில் துளைக்காமல் வைத்திருங்கள். அந்த ஒரு வாரத்தில் அதன் எடையைக் குறித்து, இருபுறமும் படம் எடுத்து, ஆண்டையும் எழுத்தையும் படித்துப் பாருங்கள். படிக்க முடியாவிட்டால் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயக்கூடத்துக்கு ஒரு நாள் போய், அங்கு வைத்திருப்பவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தாம்பரத்திலிருந்து எழும்பூருக்கு ரயில் மாறாமலே போகலாம். காசுகள் பற்றி அறிந்த பெரியவர் ஒருவரிடம் காட்டி அபிப்பிராயம் கேளுங்கள். அது படிக்கத் தக்கதென்று தெரிந்தால் காசாகவே வைத்துக்கொள்ளுங்கள். மோதிரத்துக்குப் பத்தரிடம் ஒரு வெள்ளி வில்லை வாங்குங்கள். இதை உங்களுக்குள் ஒரு வழக்கமாக ஏற்படுத்திக்கொண்டு, புதிதாக இத்தொழிலுக்கு வருபவர்களுக்கும், தண்டையும் சுத்தியலையும் கையில் கொடுக்குமுன் முதலில் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

இங்ஙனம்,
உங்கள் நலம் நாடும்
தாம்பரத்துவாசி